பல்லசேனாவைக் கூப்பிடுங்கள்

“மிஸ்டர் பல்லசேனா இருக்கிறாரா?” என்று டெலிபோனில் ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டபோது சுஜித்தின் வாய் நிறையப் பொரித்த அப்பளம் இருந்தது.

மென்று விழுங்கிவிட்டு, தன் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “அவர் இல்லை. நான் மிஸ்டர் சேர்த்தலை பேசுகிறேன்” என்றான்.

குரல் தயங்கவே இல்லை. மிஸ்டர் சேர்த்தலைக்கும் வாழ்த்துச் சொன்னது. லண்டன் குலுக்கலில் ஐந்து லட்சம் பவுண்டு விழுந்திருப்பதாகவும், அதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அதற்குள் கமலாக்ஷி அவன் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். “ஹலோ” என்று ஒரே ஒரு சொல் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு ரிசீவரைக் கீழே வைத்தாள்.

“கடல் தாண்டி வர்ற கால்” என்றாள். “நான் ஹலோ சொல்லி, அவன் காதுல அது விழுந்து, அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு ஈயை அடிச்சிரலாம்.”

கமலாக்ஷி சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். இருபத்து நான்கு வருஷம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்து, பம்பாய்க்கும் பஹ்ரைனுக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள். இயந்திரம் வந்து அவள் வேலையைப் பிடுங்கிக்கொண்டதும், விருப்ப ஓய்வு வாங்கி, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். கேபிள் டிவிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த சுஜித் அவளுக்கு உதவியாளனாகச் சேர்ந்து இந்த 2005 ஓணத்தோடு மூன்று வருஷம் ஆகிறது. வேலை கம்பி இழுப்பதைவிடச் சுலபம், வாய்க்குத் தீனியும் அதிகம் என்பது அவன் கருத்து.

அன்றைய தீனி சீதாலக்ஷ்மி மாமியின் வீட்டில். அப்பளமும், கொண்டாட்டம் என்று பாலக்காட்டார் சொல்லும் வற்றலும் போட்டு விற்கிறவள் மாமி. பின்கட்டில் ஒன்பது பெண்கள் மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். கடை கிடையாது, போர்டு கிடையாது. கூடத்து மூலையில் முக்காலியின் மேல் இருக்கும் கறுப்பு டெலிபோன்தான் கடை. கல்யாணச் சமையற்காரர்கள் அதில்தான் ஆர்டர் சொல்வார்கள்.

“நாலு மாசமா இப்படித்தானாக்கும்” என்றாள் மாமி. “லாட்டரிங்கறான், கடன் தரேங்கறான், சொத்து இருக்குங்கறான். ஒருத்தன் போனை வெச்சா அடுத்தவன். சமையக்காராள் யாருக்கும் லைன் கெடைக்கலை. போன மாசம் பாதிப் பேருக்கு வேலை இல்லாம அனுப்பினேன், கேட்டேளா.”

சாய்வு நாற்காலியிலிருந்து அவள் கணவர் வெங்கிடராமன் எழுந்தார். மிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கையில் ஒரு காகிதம்.

“டெலிபோனை சரண்டர் பண்றதுக்கு அப்ளிகேஷன் எழுதியாச்சு. நாலு மணிக்குள்ளே எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுவேன். இந்தச் சனியன் இனிமே ஆத்துல இருக்கப்படாது.”

“போன் போனா பின்கட்டையும் பூட்ட வேண்டியதுதான்” என்றாள் மாமி. அவள் அழவில்லை, ஆனால் சுஜித் கையிலிருந்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டான்.

கமலாக்ஷி டைரக்டரியைப் புரட்டினாள். அந்த நம்பருக்கு நேரே ‘பி. எஸ். கிருஷ்ணய்யர்’ என்று இருந்தது.

“என் தோப்பனார்” என்றார் வெங்கிடராமன். “தவறி இருபது வருஷமாச்சு. பேர் மாத்தறதுக்கு சர்ட்டிபிகேட், அபிடவிட்டுன்னு ஆயிரம் கடலாசு கேட்டா, விட்டுட்டேன்.”

“அப்போ டைரக்டரி பார்த்து அடிக்கறவன் கிருஷ்ணய்யரைத்தான் கேப்பான். இவங்க பல்லசேனாவைக் கேக்கறாங்க.”

“அதுதான் எனக்குப் பயமே” என்றாள் மாமி. “பல்லசேனா எங்க கிராமம், பாலக்காட்டுல. அது இந்தப் பாவிகளுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“சாமியோட முழுப் பேர் என்ன?”

“பல்லசேனா கிருஷ்ணய்யர் வெங்கிடராமன்.” அவர் அதைச் சொன்னபோது முதுகு நிமிர்ந்தது. கிராமம், தகப்பன், பிறகு தான்.

“வெள்ளைக்காரன் கணக்குல முதல்ல இருக்கறது ஆளோட பேரு. அதான் பல்லசேனா” என்றாள் கமலாக்ஷி. “யாரோ சாமியோட பேரை முழுசா எழுதிக் குடுத்திருக்காங்க.”

டெலிபோனுக்குப் பக்கத்தில், கூப்பிடுகிறவரின் நம்பரைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. ஆளைப் பிடிக்கவென்றே மாமி வாங்கியது. இந்த ஆசாமிகள் கூப்பிட்டால் மட்டும் அது ஒரு சைபரைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். அதனால் மாமி வேறு வழி செய்திருந்தாள். சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு தொந்தரவு காலுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி.

சுஜித் காலண்டரின் முன்னால் போய் நின்றான். ஞாயிறு முதல் வெள்ளி வரை கட்டங்களில் புள்ளிகள் எறும்பாக மொய்த்தன. சனிக்கிழமைகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

“சேச்சி, கேஸ் முடிஞ்சுது. சனிக்கிழமை லீவு விடறது யாரு? யூதர் தெரு. அங்கதான் யாரோ உக்காந்து இந்த வேலையைப் பாக்கறான்.”

“யூதர் தெருவுல இப்போ கடை வெச்சிருக்கறதுல பாதி காஷ்மீர்க்காரங்கடா. சனிக்கிழமையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் சால்வை காட்டுவான். நீ வண்டியை எடு.” மாமியின் பக்கம் திரும்பினாள். “யார் மேலயாவது சந்தேகம் உண்டா?”

மாமி குரலைத் தாழ்த்தினாள். “பிச்சுமணி. கல்யாண சமையல் காண்ட்ராக்டர். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் என்கிட்டதான் அப்பளம் எடுப்பான். மூணு வாரமா ஒரு போன் இல்லை. அவனே அப்பளம் போட ஆள் தேடறான்னு கேள்வி.”

பிச்சுமணியைக் கண்டுபிடிக்க ஸ்கூட்டர்கூடத் தேவைப்படவில்லை. பஜார் ரோட்டில் ஒரு ஏலக்காய்க் கடை வாசலில் அந்தப் பெரிய உடம்பு நின்றுகொண்டு, கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

சுஜித் சுற்றிவளைக்கவில்லை. “ஓய், மாமி வீட்டு போனுக்குத் தொந்தரவு பண்றது நீங்கதானே?”

பிச்சுமணியின் முகம் சிவந்தது. “நானா? நாலு நாளா அந்த நம்பரை அடிச்சடிச்சு என் விரல்ல கொப்புளம். எப்பப் பாரு எங்கேஜ்டு. மாமி பெரிய மனுஷியாயிட்டா, நம்மளோடெல்லாம் பேச நேரமில்லைன்னு நெனச்சேன்!”

கமலாக்ஷி காலண்டர் கதையைச் சொன்னதும் அவர் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் முழுவதும் இறங்கவில்லை.

“கலூர்ல பெரிய கல்யாணம். நூறு கட்டு அப்பளம், நாலு தினுசு கொண்டாட்டம். பொண்ணோட அப்பா பிடிவாதக்காரர். அளவு, உப்பு, உளுந்து எல்லாம் போடறவாகிட்ட நேரே பேசினாத்தான் ஒத்துப்பார். மூணு மணிக்கு அவர் ஆத்துலேர்ந்து ஒரே ஒரு தரம் அடிப்பேன். மாமி எடுத்தா ஆர்டர் மாமிக்கு. இல்லைன்னா வைப்பின்ல ஒருத்தி இருக்கா, அவளுக்கு.”

“நாங்க போய்ச் சொல்லிடறோமே?”

“ஆள் மூலமா சொல்லி ஒரு தரம் கையைச் சுட்டுண்டாச்சு. கட்டுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கையா? போன்ல, வாயாலே, அவரும் கேக்கணும்.” ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

சந்தேகப்பட்ட ஆள் வாடிக்கையாளராக மாறிவிட்டதில் சுஜித்துக்கு மனசு விட்டுப்போயிற்று. மணி ஒன்றே கால். ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு சாயா சொன்னான்.

கமலாக்ஷி கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டினாள். “டேய், டிரங்க் எக்ஸ்சேஞ்சுல நாங்க கால் வர்ற நாளைப் பாக்க மாட்டோம். புக் பண்ணின நாளைப் பாப்போம். இன்னிக்கு வர்ற கால் நேத்து எங்கேயோ புக் ஆனது. சனிக்கிழமை கால் இல்லைன்னா?”

“வெள்ளிக்கிழமை எவனும் புக் பண்ணலை.”

“மட்டாஞ்சேரியில வெள்ளிக்கிழமை அடைக்கற கடை எது?”

“பள்ளிவாசலுக்குப் போறவங்க கடை எல்லாம்தான். அரிசி மண்டி, இரும்புக் கடை, நம்ம இந்தச் சாயாக்கடை…”

“அதுல, கடல் தாண்டிப் பேரையும் விலாசத்தையும் கொண்டு போற கடை?”

“போட் சர்வீஸ்தான். ஆனா அது அக்கரை வைப்பின் தாண்டாதே” என்று சொல்லிக்கொண்டே வந்த சுஜித் நிறுத்தினான். “சேச்சி! நாஸர்!”

அவன் மீதி சாயாவை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

நாஸரின் இன்டர்நெட் கஃபே அடுத்த வளைவில் இருந்தது. முன்பு கொப்பரை அடுக்கி வைத்த அறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, இன்னமும் போகாத தேங்காயெண்ணெய் வாசனை. நாஸர் நல்ல பையன் என்று ஊரே சொல்லும். அதனாலேயே சுஜித் அவனை முறைத்தான்.

“நாஸரே, இங்க வர்றவங்க பேரையும் நம்பரையும் யாருக்குடா விக்கறே?”

“படச்சோனே!” என்று நாஸர் நெஞ்சில் கை வைத்தான். “நான் எதுக்கு விக்கணும்? யாரோட பேரை?”

“வெங்கிடராமன் சாமியோடது” என்றாள் கமலாக்ஷி.

நாஸரின் முகம் மலர்ந்துவிட்டது. “சாமியா? தினமும் பத்து மணிக்கு வந்துருவாரே! என்கிட்ட வர்றவங்க பாட்டுக் கேப்பாங்க, சாட் பண்ணுவாங்க. சாமி ஒருத்தர்தான் வேலை பாக்கறவர். என்ன ஒரு இங்கிலீஷ்! அவரோட ஆபீஸ் ஃபைல்கூட இங்கதான் இருக்கு.”

“ஆபீஸ் ஃபைலா?”

நாஸர் அலமாரியிலிருந்து தடித்த ஃபைல் ஒன்றை எடுத்துப் போட்டான். அட்டையில் அழகான கையெழுத்தில் ‘அவுட்வேர்ட்’ என்று எழுதியிருந்தது. உள்ளே, அனுப்பிய ஒவ்வொரு ஈமெயிலுக்கும் ஒரு அச்சுப் பிரதி. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், தேதி.

சுஜித் ஒன்றை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். லண்டன் லாட்டரிக்கு எழுதிய பதில். ‘தங்கள் ஏழாம் தேதிக் கடிதம் கிடைத்தது. நன்றி. தாங்கள் அறிவித்துள்ள பரிசை ஏற்கும் நிலையில் நான் இல்லை. தகுதியுள்ள வேறு ஒருவருக்கு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ அடுத்தது வழுக்கைத் தலையில் முடி முளைக்கும் மருந்துக் கம்பெனிக்கு. ‘தற்சமயம் என் தலையில் முடி போதுமான அளவில் உள்ளது. தேவை ஏற்படின் தெரிவிப்பேன்.’ ஆப்பிரிக்காவில் இறந்துபோன ஒரு ஜெனரலின் மனைவிக்கு மட்டும் நான்கு கடிதங்கள். பெட்டி நிறையப் பணத்தைக் கடத்த உதவி கேட்டவளுக்கு அவர் துக்கம் விசாரித்திருந்தார், வங்கி மேலாளரைப் போய்ப் பார்க்கும்படி புத்தி சொல்லியிருந்தார், வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘பல்லசேனா கிருஷ்ணய்யர் வெங்கிடராமன்’ என்று முழுப் பெயர். வீட்டு விலாசம். கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றே: ‘மேற்கொண்டு விளக்கம் தேவைப்பட்டால் கீழ்க்கண்ட எண்ணில் டெலிபோன் செய்யவும்.’

“கடைசிப் பிரதியோட நம்பர் என்னடா?” என்று கமலாக்ஷி கேட்டாள்.

“அறுநூத்திப் பன்னிரண்டு” என்றான் சுஜித். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன் ஜெனரல் மனைவிக்கு எழுதிய நான்காவது கடிதத்தை மறுபடியும் பார்த்தான். “சேச்சி, திருடனைப் பிடிச்சாச்சு. ஆனா மாமிகிட்ட இதை எப்படிச் சொல்றது?”

அவர்கள் திரும்பியபோது மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வெங்கிடராமன் விண்ணப்பத்தைக் கவரில் போட்டு, குடையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கமலாக்ஷி அவரிடம் தனியாகப் பேச நினைத்தாள். ஆனால் சுஜித் கக்கத்தில் வைத்திருந்த ஃபைலை அவர் பார்த்துவிட்டார்.

“அது என் ஆபீஸ் காப்பியாச்சே! ஏன் இங்கே கொண்டு வந்தேள்?”

“என்னது அது?” என்றாள் மாமி.

வேறு வழியில்லை. கமலாக்ஷி, ஜெனரல் மனைவி உட்பட எல்லாவற்றையும் இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். அவருக்கு வந்தவை எல்லாம், ஒரே மோசடிக் கடிதத்தை லட்சம் பேருக்கு அனுப்புகிறவர்களுடையவை. யாரும் பதில் எழுத மாட்டார்கள். பதில் எழுதுகிற ஒருவர் கிடைத்தால் அவரைத்தான் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். உலகத்தில் அப்படி ஒருவர் மட்டாஞ்சேரியில் கிடைத்தார், டெலிபோன் நம்பரோடு.

வெங்கிடராமன் உட்கார்ந்துவிட்டார். குடை கீழே விழுந்தது.

“கடலாசு வந்தா பதில் போடணும்” என்றார் மெதுவாக. “முப்பத்தெட்டு வருஷம், ஹாம்பர்க்கு, ராட்டர்டாம், ஒடெஸ்ஸா… ஒரு லெட்டரைக்கூட நான் அடுத்த நாளுக்கு விட்டதில்லை. ரிட்டையர் ஆனதும் எனக்கு யாரும் ஒரு வரி எழுதலை. நாஸர் கடையில போய் அந்தப் பெட்டியைத் திறந்தா, தினமும் எனக்குன்னுட்டு நாப்பது இருந்துது.”

சுஜித் தயாராக வைத்திருந்த கிண்டலை விட்டுவிட்டு, கீழே கிடந்த குடையை எடுத்துச் சுவரில் சாத்தினான். அவனுக்குப் பாவமாக இருந்தது.

மாமிக்கு அப்படி இல்லை. “நான் லைன் கெடைக்காம ஒன்பது பொம்மனாட்டிகளை வெச்சுண்டு தவிக்கறேன், நீங்க ஊர்ல உள்ள பிராடுக்கெல்லாம் சேமம் விசாரிச்சேளா! யார் அந்த ஜெனரல் பொண்டாட்டி?”

அந்த நேரம் பார்த்து டெலிபோன் மணியடித்தது.

மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த வெங்கிடராமனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஒரே எட்டில் போய் ரிசீவரை எடுத்து, எதிர்ப்பக்கம் வாயைத் திறப்பதற்குள், “ராங் நம்பர்!” என்று கத்திவிட்டு டொக்கென்று வைத்தார்.

“ஆச்சு” என்றார் வெற்றியோடு. “இனிமே ஒருத்தனுக்கும் பதில் கிடையாது.”

சுஜித் சின்னப் பெட்டியைப் பார்த்தான். “சேச்சி, சைபர் இல்லை. நம்பர் இருக்கு.”

கமலாக்ஷி எட்டிப் பார்த்தாள். முதல் மூன்று எண்கள் அவளுக்குப் போதும். “கலூர் எக்ஸ்சேஞ்ச்.”

மூன்று அடித்துச் சுவர்க் கடிகாரம் ஓய்ந்தது. ஒரே ஒரு தரம் என்று பிச்சுமணி சொன்னதைக் கமலாக்ஷி சொன்னபோது மாமி சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்கட்டில் உலக்கைச் சத்தம் நடந்துகொண்டே இருந்தது, அங்கே இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது.

வெங்கிடராமன் மனைவியைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து டெலிபோன் முன்னால் போட்டு உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, பெட்டியில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாகச் சுழற்றினார்.

“வணக்கம். பல்லசேனா கிருஷ்ணய்யர் வெங்கிடராமன் பேசறேன். சற்று முன் தாங்கள் அழைத்தது கிடைத்தது. பதிலில் நேர்ந்த பிழை முழுக்க என்னுடையது. அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறோம். தங்களைப் போன்ற பழைய வாடிக்கையாளரை இழப்பது எங்கள் ஸ்தாபனத்துக்குத் தாங்க முடியாத விஷயம்.”

எதிர்ப்பக்கம் பிச்சுமணி என்ன சொன்னாரோ தெரியவில்லை. அவரும் கல்யாணப் பெண்ணின் அப்பாவும் சேர்ந்து சிரித்தது மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது.

“ஸ்தாபனத்தின் முதலாளியே பேசுவா” என்று வெங்கிடராமன் ரிசீவரை நீட்டினார்.

மாமி பேசினாள். உளுந்து எங்கிருந்து வருகிறது, உப்பு எவ்வளவு, கட்டுக்கு எத்தனை அப்பளம் என்று பத்து நிமிஷம் பேசினாள். நூறு கட்டில் ஆரம்பித்த ஆர்டர் நூற்று நாற்பதில் நின்றது. ரிசீவரை வைத்ததும் பின்கட்டைப் பார்த்து, “எல்லாரும் நாளைக்கு வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்கோ!” என்று குரல் கொடுத்தாள். இடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓவென்று கூவினார்கள்.

கமலாக்ஷி வைத்தியம் சொன்னாள். “நம்பரை மாத்த வேண்டாம், சரண்டரும் வேண்டாம். மட்டாஞ்சேரியில சாமியைப் பல்லசேனான்னு கூப்பிடற ஆள் ஒருத்தர் கிடையாது. எடுத்ததும் யார் வேணும்னு கேளுங்க. பல்லசேனா வேணும்னா ராங் நம்பர். மாமி வேணும்னா மாமி. நாஸர் கடையில ஒரு பதில்கூடப் போடக் கூடாது. ஒரு மாசத்துல தானா ஓஞ்சிடும். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் வெங்கிடராமன். விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு தயங்கித் தயங்கி, “அந்த ஜெனரல் பார்யாளுக்கு மட்டும் ஒரே ஒரு வரி… பதிலுக்குக் காத்துண்டிருப்பா, பாவம்” என்றார்.

“காத்துண்டிருக்கட்டும்” என்றாள் மாமி. “முப்பத்தாறு வருஷமா நானும் காத்துண்டுதான் இருக்கேன். ஒடெஸ்ஸாவுக்கு எழுதினேள், ஹாம்பர்க்குக்கு எழுதினேள். எனக்கு ஒரு கடலாசு எழுதியிருக்கேளா?”

“நீ ஆத்துலேயே இருக்கயே…” என்று ஆரம்பித்தவர் அவள் கண்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று.

சுஜித் வேடிக்கை பார்க்க வாகாகச் சாய்ந்துகொண்டான். கமலாக்ஷி அவன் சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். “வாடா. இனி இங்க நமக்கு ஜோலி இல்லை.”

செருப்பை மாட்டிக்கொள்ளும்போது உள்ளேயிருந்து வெங்கிடராமனின் குரல் கேட்டது. “தேதி போடணுமோ?”

“போடுங்கோ” என்றாள் மாமி. “முதல் கடலாசாச்சே.”